சாலையில் மூவர்



நடப்பவர், மிதிவண்டியில் செல்பவர், மோட்டார் வண்டி ஓட்டுபவர் ஆகிய மூவருக்கும் சாலை பொதுவானது. ஆயினும், இம்மூவரும் ஒருவரையொருவர் கடிந்துகொள்ளாத நாள் இல்லை. "எவ்வளவு ஒலி எழுப்பியும் விலகவில்லை" என்பார் ஓட்டுநர். "என்னை ஓரத்து மணலில் தள்ளிவிட்டார்" என்பார் மிதிவண்டிக்காரர். "நடக்க இடம் எங்கே?" என்பார் நடப்பவர். இப்பூசலுக்குக் காரணம் மனிதரின் குணந்தானா, வேறொன்றும் உண்டா என்பதை ஆராய்வோம்.

எங்கள் ஆத்தூருக்கு அண்மையில் உள்ளது செம்பட்டி. தை மாதம் பிறந்தால், அங்கிருந்து ஒட்டன்சத்திரம் செல்லும் சாலையில் பழனிப் பாதயாத்திரையினர் இரவும் பகலும் சென்ற வண்ணம் இருப்பர். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், அத்தகைய ஓர் இரவில், விளக்கில்லாத மிதிவண்டியில் அவ்வழியே உறவினர் வீட்டிற்குச் சென்றேன். எதிரே வந்த லாரியின் ஒளியில் கண் கூசிற்று. அப்போதே நான் இறங்கி நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. மறுகணம், முன்னே நடந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர்மீது மோதினேன். இருவரும் வீழ்ந்தோம். எழுந்தவுடன் கடிந்து பேசியவன் நானே. "ஓரமாக நடக்கக் கூடாதா, பெரியவரே?" என்றேன். அவர் முழங்கையில் வழிந்த குருதியைத் துண்டினால் துடைத்துக்கொண்டே, "ஓரமாகத்தான் நடந்தேன், தம்பி. முதுகிலே கண் இல்லையே!" என்றார்.

அந்த வாரந்தான், "சாலையில் யாவரும் இடப்புறமே செல்க" என்று வகுப்பில் கற்பித்திருந்தேன். அவர் அப்பாடத்தின்படியே நடந்தவர். வண்டிக்கு உரிய விதியை நடப்பவருக்கும் சேர்த்து உரைத்தது என் பிழை. நடைபாதை இல்லாத சாலையில் இடப்புறம் நடப்பவருக்கு, அவரை ஒட்டிச் செல்லும் வண்டிகள் யாவும் பின்னாலிருந்து வருகின்றன. வலப்புறம் நடப்பவரோ எதிர்வரும் வண்டியைக் கண்டு ஒதுங்கலாம். 1968ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும், ஊருக்கு வெளியே நடப்பவர் இயன்ற இடமெல்லாம் வண்டிகளை எதிர்நோக்கிய பக்கமாகவே நடக்க வேண்டும் என்கிறது. மிதிவண்டியும் ஒரு வண்டியே; அது இடப்புறந்தான் செல்ல வேண்டும்.

இனி வேகத்தைப் பற்றிச் சிறிது கணக்கிடுவோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் ஏறக்குறைய 8 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை அழுத்துவதற்கே ஒரு நொடியளவு கழிந்துவிடும். அழுத்திய பின்னர், உலர்ந்த சாலையில் முன்னது ஏறத்தாழ 5 மீட்டரில் நிற்கும். பின்னதற்கு 20 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானால் இத்தொலைவு நான்கு மடங்காகிறது. ஆகவே, 20 மீட்டருக்கு முன்னால் ஒரு குழந்தை சாலையில் இறங்கினால், முதல் கார் 7 மீட்டர் எஞ்சியிருக்க நின்றுவிடும். இரண்டாவது காரோ பெரும்பாலும் குறையாத வேகத்துடனேயே குழந்தையை அடையும். இருவரும் நல்லவரே; இருவரும் விழிப்பாகவே ஓட்டினர். வேறுபாடு வேகத்தில் மட்டுமே.

மற்றொரு காரணம் இடம். நகரத் தெருக்களில் நடைபாதையைக் கடைச் சரக்கும் நிறுத்திய வண்டிகளும் பற்றிக்கொள்கின்றன. நடப்பவர் கீழே இறங்குகிறார். அவருக்கு விலகும் மிதிவண்டி நடுச்சாலைக்கு வருகிறது. ஓட்டுநர் சினம் கொள்கிறார். மூவரும் பூசலிட, மூலகாரணமோ ஓரத்தில் அமைதியாக நிற்கிறது! இதனை உணர்ந்து சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் முதன்மை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நெதர்லாந்து நாட்டில் 1971இல் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர். பின்னர் மிதிவண்டிக்குத் தனிப்பாதைகள் பெருகின. குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைக்கப்பட்டது. இன்று அந்நாடு மிதிவண்டிக்குப் பெயர்பெற்று விளங்குகிறது.

சாலையில் வலியவருக்கே பொறுப்பு மிகுதி. லாரிக்கு முன் மிதிவண்டி எளியது. நடப்பவருக்கு முன் அதே மிதிவண்டி வலியது. 2005-06 முதல் அரசு வழங்கிவரும் விலையில்லா மிதிவண்டியில் உங்களுள் பலர் பள்ளி செல்கிறீர்கள். அதில் மணியும் விளக்கும் உள்ளனவா என்று இன்றே பாருங்கள். கண் கூசினால் இறங்கி நில்லுங்கள்.

அன்றிரவு அம்முதியவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு பழனி நோக்கி நடந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுவாரம் என் வகுப்பில் பாடத்தைத் திருத்தினேன். அவருக்கு நான் செய்யக்கூடியதாக எஞ்சியிருந்தது அது ஒன்றே.