மணலும் யானையும் சேர்ந்து வடிவமைத்த வண்டி

போட்ஸ்வானா நாட்டின் வடக்கே மவுன் என்றொரு ஊர் இருக்கிறது. ஒகவாங்கோ ஆற்றுப்படுகைக்கு வாசல் அதுதான். அங்கே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, வழிகாட்டியும் டிரைவரும் இல்லாமல் நீங்களே காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போகலாம். மொரேமி, சவுட்டி, சோபே என்று வழியெல்லாம் யானையும் சிங்கமும் பார்த்துக்கொண்டே போய், சோபே ஆற்றங்கரையில் உள்ள கசானேயில் பயணத்தை முடிக்கலாம். முதுமலையில் வனத்துறை வண்டியில் உட்கார்ந்து காடு பார்த்தவர்களுக்கு இது புது அனுபவம். இடது பக்கம் ஓட்டும் நாடு என்பதால் ஸ்டியரிங் மட்டும் நமக்குப் பழகிய பக்கத்தில் இருக்கும்.

சாவியைக் கொடுக்கும் முன் வாடகைக்கு விடுபவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி நெடுநேரம் விளக்குவார்கள். பார்த்தால் சாதாரண டொயோட்டா ஹைலக்ஸ் அல்லது லேண்ட் க்ரூசர்தான். ஆனால் கூரைமேல் மடித்து வைத்த கூடாரம், முன்கண்ணாடி ஓரமாக மேலேறி நிற்கும் கறுப்புக் குழாய், ரேடியேட்டருக்கு முன்னால் நெருக்கமான வலை, இரண்டு பேட்டரி, காற்றடிக்கும் கம்ப்ரஸர், மண்வெட்டி என்று ஏதேதோ இருக்கும். இவற்றில் ஒன்றுகூட அலங்காரத்துக்கு இல்லை. ஒவ்வொன்றையும் அந்த நிலம்தான் கேட்டு வாங்கியிருக்கிறது. வண்டியைப் புரிந்துகொண்டால் காட்டைப் பாதி புரிந்துகொண்டதாகிவிடும்.

முதலில் மணல். கலஹாரி மணல், உலகின் மிகப் பெரிய தொடர்ச்சியான மணற்பரப்புகளில் ஒன்று. வடக்கே காங்கோ வரைக்கும் அது நீள்கிறது. மேலே புல்லும் மொபானே மரமும் வளர்ந்திருப்பதால் பாலைவனம் என்றே தோன்றாது. ஆனால் வண்டித்தடத்தில் சக்கரத்தை வைத்தால் தெரிந்துவிடும். அச்சு வரை புதைக்கிற மணல்.

இதற்கு மருந்து எஞ்சின் பலத்தில் இல்லை, டயரில் இருக்கும் காற்றில் இருக்கிறது. அதுவும் காற்றைக் குறைப்பதில்! கணக்கைப் பாருங்கள். ஆட்கள், டீசல், தண்ணீர், கூடாரம் எல்லாம் சேர்ந்து வண்டி 2,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 700 கிலோ. தார் ரோட்டில் டயருக்கு 35 பிஎஸ்ஐ காற்று வைப்பார்கள் (சதுர அங்குலத்துக்கு 35 பவுண்ட் அழுத்தம்). இது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரைக் கிலோ. 700-ஐ இரண்டரையால் வகுத்தால் 280. அதாவது ஒரு டயர் தரையைத் தொடும் இடம் 280 சதுர சென்டிமீட்டர்தான், ஏ4 தாளில் பாதிகூட இல்லை. நான்கு சக்கரத்தையும் சேர்த்தால் அத்தனை பெரிய வண்டி இரண்டு தாளுக்கும் குறைவான இடத்தில் நிற்கிறது. காற்றை 18-க்கு இறக்குங்கள். அதே 700 கிலோவைச் சுமக்க இப்போது ஒரு டயருக்கு 550 சதுர சென்டிமீட்டர் வேண்டும். தொடும் இடம் கிட்டத்தட்ட இரு மடங்கு. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்கே. ஆனாலும் விஷயம் இதுதான்.

தொடும் இடம் எந்தப் பக்கம் பெரிதாகிறது என்பது இன்னொரு வியப்பு. டயர் அகலமாகப் பரவுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அகலம் கொஞ்சமே கூடும், நீளம்தான் அதிகம் கூடும். மணலில் சக்கரம் ஓயாமல் தானே தோண்டிய குழியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. முன்னால் ஒரு சின்ன மணல்மேட்டைத் தள்ளிக்கொண்டும் போகிறது. டயரின் தடம் நீண்டால் குழி ஆழமாகாது, ஏற வேண்டிய மேடும் குறையும். எஞ்சினுக்குப் பாதி வேலை மிச்சம்.

இதைச் செய்ய வால்வின் மூடியைக் கழற்றி, உள்ளே தெரியும் குட்டி ஊசியை அழுத்தினால் போதும். ஸ்ஸென்று காற்று இறங்கும். அளவுமானியின் முள் 35-லிருந்து 30, 25 என்று இறங்க இறங்க, டயரின் அடிப்பகுதி மண்ணில் பதிந்து பக்கச் சுவர் லேசாகப் பிதுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விடியற்காலையில் புறப்பட்டால் இன்னும் நல்லது. பனியின் ஈரம் மணற்துகள்களுக்கு இடையே மெல்லிய நீர்ப்பாலம் போட்டு, நீரின் பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பிடி போய்விடும்.

அடுத்தது வண்டியின் அடிவயிற்றில் இருக்கும் டிஃபரன்ஷியல். தமிழில் வேறுபாட்டுப் பல்லிணை எனலாம். நான் பார்த்தவரை மனிதர் செய்த எந்திரங்களில் இவ்வளவு அழகானவை சிலவே. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருந்தால், ஒரு முழு வட்டத்துக்கு வெளிச்சக்கரம் ஓடும் கூடுதல் தூரம் 9.4 மீட்டர். வட்டம் எவ்வளவு சின்னதானாலும் பெரியதானாலும் அதே 9.4 மீட்டர்தான்! ஒன்றரை மீட்டரை 2π-ஆல் பெருக்கினால் வருவது அது. வட்டத்தின் அளவு கணக்குக்குள்ளேயே வருவதில்லை. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டிவிட்டால் ஏதாவது ஒன்று சறுக்கித்தான் ஆக வேண்டும். பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர் ஒனெசிஃபோர் பெக்கர் 1820-களில் நீராவி வண்டிக்காக இதற்கொரு பல்சக்கர அமைப்பைச் செய்தார். சாய்ந்த பற்கள் கொண்ட நான்கைந்து சக்கரங்கள் ஒரு கூண்டுக்குள் சுழலும். எஞ்சினின் உந்துதலை இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிட்டுவிட்டு, வேகத்தை மட்டும் சக்கரங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடும். உங்கள் வீட்டுக் காரிலும் இதே கூண்டு இருக்கிறது.

அந்தச் சமப் பங்கீடுதான் காட்டில் வினையாகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கிக் காற்றில் சுழல்கிறது என்று வையுங்கள். அதைச் சுழற்ற ஏறக்குறைய விசையே தேவையில்லை. பங்கு சமம் என்பதால் கெட்டியான மண்ணில் நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் போகும். தொங்குவது விர்ரென்று சுற்றும், ஊன்றியிருப்பது அசையாது. இதற்காகவே டாஷ்போர்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும். பின்னச்சு ஒரே துண்டாகிவிடும், ஊன்றிய சக்கரம் வண்டியை வெளியே இழுத்துவிடும். இருநூறு ஆண்டு பழமையான ஓர் அற்புதத்தைச் சில நொடிகளுக்கு முடக்கிவைப்பதுதான் இந்தப் பொத்தானின் வேலை.

அதன் பக்கத்தில் 2ஹெச், 4ஹெச், 4எல் என்று ஒரு திருகு அல்லது குட்டிக் கியர். முதலாவதில் பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும். இரண்டாவதில் நான்கும் தள்ளும். இத்தகைய வண்டி பலவற்றில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. மணலில் டயர் கொஞ்சம் சறுக்கிச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் சறுக்க வழியில்லாததால் தண்டுகள் முறுக்கேறிப் பற்கள் பாழாகும். மூன்றாவது, 4எல், கூடுதலாக ஒரு பல்சக்கர ஜோடியை நுழைத்து வேகத்தைச் சுமார் இரண்டரை மடங்கு குறைத்து, முறுக்குவிசையை அதே அளவு கூட்டும். எல்லாப் பல்சக்கரங்களின் பெருக்கலையும் சேர்த்தால் முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு 40 மடங்குக்கு மேல் பெருகிச் சக்கரத்துக்கு வருகிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி நடைவேகத்தில் மேட்டில் ஏறும்.

மணல் இல்லாத இடத்தில் சரளைப்பாதை. அதில் நெளிதகடு போல வரிவரியாக மேடு பள்ளம். ஷாக் அப்சார்பரின் துள்ளல்தான் இதற்குக் காரணம் என்று நெடுநாள் நினைத்தார்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மோரிஸும் மற்ற ஆய்வாளர்களும் சுழலும் மணல்மேசையில் ஒரு சின்னச் சக்கரத்தை உருட்டிப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்பிரிங்கே இல்லாத வெறும் சக்கரமும், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், அதே வரிகளை உண்டாக்கிவிடுகிறது. அந்த வேகத்துக்குக் கீழே மணல் தட்டையாகவே கிடக்கிறது.

இனி தண்ணீர். ஒகவாங்கோவின் காலக்கணக்கு தலைகீழானது. அங்கோலா மலைகளில் பெய்யும் கோடை மழை, மிக மெல்லிய சரிவில் மாதக்கணக்காக ஊர்ந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே வெள்ளமாக வந்து சேர்கிறது. வானம் துளிகூடப் பெய்யாத வறண்ட மாதங்கள் அவை. கடலையே தொடாமல் மணலிலும் வெயிலிலும் மறைந்துபோகும் இந்த ஆற்றின் படுகையை யுனெஸ்கோ 2014-ல் ஆயிரமாவது உலகப் பாரம்பரியத் தலமாகச் சேர்த்தது. சுற்றுலாக்காரர் குவியும் அதே மாதங்களில் மொரேமியின் பாதைகளில் தண்ணீர் நிற்கும்.

கறுப்புக் குழாய் இதற்குத்தான். எஞ்சின் மூச்சிழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. எஞ்சினின் உருளைக்குள் காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. ஓடும் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நிற்கும், அதைத் தள்ளும் கம்பி வளைந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, எவரும் கவனிக்காத இன்னொரு குழாய். சுண்டுவிரல் பருமன்கூட இராது. குனிந்து பின்னச்சின் மேற்புறத்தைப் பாருங்கள், அங்கிருந்து கிளம்பி மேலே எங்கோ மறையும். மணலில் உழைத்து ஓடிய அச்சின் உறை நன்றாகச் சூடேறியிருக்கும், உள்ளே எண்ணெயும் காற்றும். அப்படியே குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். வழி இல்லாவிட்டால் எண்ணெய்க் காப்பு வளையங்களின் இடுக்கு வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், எண்ணெய் பால்நிறமாகிப் பற்கள் தேயும். அந்த மெல்லிய குழாய் மேலேயிருந்து காற்றைக் கொடுத்து அச்சை மூச்சுவிட வைக்கிறது. ஆழம் பார்க்க இறங்கி நடக்கும் பழக்கம் மட்டும் இங்கே உதவாது. முதலையும் நீர்யானையும் இருக்கும் தண்ணீர் இது. வேறொரு வண்டி கடப்பதைப் பார்த்துவிட்டுப் போவதே வழி.

மழைக்குப் பின் தடத்தின் நடுவில் இடுப்புயரப் புல் வளர்ந்திருக்கும். அதன் விதைகள் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். முன்னால் கட்டிய வலை அதைத் தடுக்கிறது. காய்ந்த புல் அடியில் சேர்ந்து, கொதிக்கும் புகைக்குழாயைத் தொட்டுத் தீப்பிடித்து வண்டிகள் முழுதும் எரிந்துபோனதும் உண்டு. புல் நிறைந்த தடத்தில் அடிக்கடி நிறுத்திக் குனிந்து பார்ப்பதில் சோம்பல் கூடாது.

ஃபிரிட்ஜுக்கென்று தனி பேட்டரி. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. ஃபிரிட்ஜுக்கு வேண்டியது இரவு முழுக்கச் சிறுகச் சிறுகக் கொடுக்கும் தடித்த தகட்டு பேட்டரி. நடுவில் இருக்கும் ரிலே, எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்த்து சார்ஜ் செய்யும், எஞ்சின் நின்றதும் பிரித்துவிடும். விடிந்ததும் கூடாரத்தின் கீழே சிங்கம் படுத்திருந்தாலும் வண்டி கிளம்பும்.

அது வெறும் பேச்சில்லை. இந்தப் பூங்காக்களின் முகாம்களுக்கு வேலி கிடையாது. கழுதைப்புலி அடுப்படி வரை வரும். இரண்டு மீட்டர் உயரத்தில் படுப்பது அதனால்தான். யானைக்கு அந்த உயரம் பொருட்டே இல்லை. போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள், வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. அவற்றின் மூக்கு இன்னொரு அதிசயம். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் எண்ணிப் பார்த்தபோது, வாசனை அறியும் மரபணுக்கள் ஆப்பிரிக்க யானைக்குச் சுமார் 2,000 இருந்தன. நமக்கு 400-ஐ ஒட்டித்தான். ஆகவே கூடாரத்தில் ஆரஞ்சுப் பழம் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. சவுட்டி முகாமில் குளியலறையைச் சுற்றியே யானை புகாத அரண் எழுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் மணத்துக்காக அவை அங்கே வந்து முட்டின.

பகலில் அதே விலங்குகள் வண்டியைச் சட்டை செய்யாமல் கடந்துபோகும். வண்டியை அவை பல காலமாகப் பார்த்துப் பழகிவிட்டன. நீங்கள் ஜன்னலுக்கு வெளியே எழுந்து நின்றால் அந்தப் பழகிய உருவம் உடைந்துவிடும், சிங்கம் தலை தூக்கும். ஆறு டன் ஆண் யானை வழியில் நின்றால் அதன் எடையில் பாதிகூட இல்லாத நீங்கள்தான் பின்வாங்க வேண்டும்.

கசானேயில் தார் ரோடு தொட்டதும் நிறுத்தி, 2ஹெச்சுக்கு மாற்றி, கம்ப்ரஸரால் டயருக்குப் பழைய அழுத்தத்தை நிரப்பிவிடுங்கள். மணலில் காப்பாற்றிய அதே தளர்ந்த டயர், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கிச் சூடேறி வெடித்துவிடலாம். போக நினைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைக்கு விடுபவர்கள் வண்டியை உங்களிடம் ஒப்படைக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். காற்றை இறக்குவதையும் ஏற்றுவதையும், டிஃபரன்ஷியல் பூட்டுவதையும், ஜாக்கி வைத்துச் சக்கரம் மாற்றுவதையும் அங்கேயே அவர்கள் கண்முன் உங்கள் கையால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.