காற்றில் கரையாத பாட்டு

பெரியதாழை போன்ற கடற்கரையூர்களில், கயிற்றின் பாரம் தோளை அழுத்த, ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடி வலையிழுக்கும் அம்பாப் பாட்டு காற்றோடு மறைந்துபோனால், அதனை மீட்டுத் தருவார் யார்?

பாளையங்கோட்டையிலே, இயேசு சபைத் துறவிகள் 1923இல் தோற்றுவித்த தூய சவேரியார் கல்லூரியில், நாட்டார் வழக்காற்றியல் துறையினர் இக்கவலையைத் தம் கவலையாகவே ஏற்றனர். கோயில் கொடை விழாக்களின் வில்லுப்பாட்டில் வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்கும் நாதமும், குடமும் உடுக்கையும் கூடி எழுப்பும் தாளமும், பாமர மக்களின் கண்டத்திலே வாழ்ந்த கதைகளும், ஏட்டுக் கல்விக்குச் சமமான ஆசனம் பெற்றது இத்தகையோரின் சிரத்தையினால்தான்.

உங்கள் வீட்டு ஆச்சியின் தாலாட்டும் ஓர் ஆவணமே. இன்றிரவே அதனைப் பாடச்சொல்லிப் பதிவுசெய்து வையுங்கள்!