காற்று தூக்கும் எண்ணெய்

நாகரசம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் கம்ப்ரஸர் வைத்துத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். போர்வெல்லுக்குள் மெல்லிய காற்றுக் குழாய் ஒன்று, அகன்ற தண்ணீர்க் குழாய் ஒன்று. உள்ளே மோட்டார் கிடையாது. ஆயினும் தண்ணீர் காற்றோடு கலந்து குபுகுபுவென்று வந்து விழுகிறது. இதே தத்துவந்தான் அரபிக் கடலுக்கு அடியிலிருந்து கச்சா எண்ணெயையும் மேலே கொண்டு வருகிறது!

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கடியில் உள்ளது பாம்பே ஹை எண்ணெய் வயல். இன்று அதன் பெயர் மும்பை ஹை. 1974இல் 'சாகர் சாம்ராட்' என்ற துளையிடும் மேடையின் உதவியால் கண்டுபிடிக்கப்பட்டது. 1976இல் உற்பத்தி தொடங்கிற்று. அங்கே எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்கவில்லை. பஞ்சில் நீர் ஊறியிருப்பதுபோல், சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளில் மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது.

உறிஞ்சி எடுத்தால் என்ன? முடியாது. வளிமண்டல அழுத்தம் தண்ணீரைத் தூக்கக்கூடிய உயரம் சுமார் 10 மீட்டர்தான். ஆகவே கீழேயுள்ள அழுத்தமே எண்ணெயை மேலே தள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். கிணற்றின் ஆழம் 1500 மீட்டர், எண்ணெயின் அடர்த்தி கனமீட்டருக்கு 850 கிலோகிராம் என்று கொள்வோம். ஆழம் × அடர்த்தி × 9.8 என்று பெருக்கினால், குழாயில் நிற்கும் எண்ணெயின் அழுத்தம் ஏறத்தாழ 123 வளிமண்டலம். பாறையின் அழுத்தம் 150 ஆக இருந்தால் எண்ணெய் தானே பீறிடும். அது 110 ஆகக் குறைந்ததும், பாறையில் எண்ணெய் மிச்சமிருந்தும், ஓட்டம் நின்றுவிடும்.

இப்போது குழாயின் அடியில் வாயுவைச் செலுத்துவோம். குமிழிகள் கலந்ததால் சராசரி அடர்த்தி 600 ஆகிறது. அழுத்தம் 87 வளிமண்டலமே! பாறையின் 110 வென்றுவிடுகிறது; எண்ணெய் மீண்டும் ஏறுகிறது. எண்ணெய்க் கிணற்றில் காற்றைச் செலுத்துவதில்லை. அது எரிபொருளோடு கலந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. வயலில் கிடைக்கும் இயற்கை வாயுவையே அமுக்கி அனுப்புகிறார்கள்.

அப்படியானால் வாயுவை அள்ளி அள்ளிக் கொடுக்கலாமா? கூடாது. வாயு மிகுந்தால் ஓட்ட வேகம் கூடி, குழாய்ச் சுவரின் உராய்வு பெருகும்; லாபம் நஷ்டமாகும். குழாயின் விட்டத்திலும் இதே சிக்கல்தான். குறுகினால் உராய்வு, மிக அகன்றால் குமிழிகள் எண்ணெயை விட்டுவிட்டு நழுவிப் போகும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கண்டுபிடிப்பதே பொறியியலாளரின் வேலை.

இன்னொன்றும் உண்டு. எண்ணெயை அவசரப்பட்டு எடுத்தால் பாறையின் அழுத்தம் விரைந்து இறங்கும். சோடா பாட்டிலைத் திறந்தால் வாயு பொங்குவதுபோல், எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்து முந்திக்கொண்டு வெளியேறும். கெட்டியான எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடும். 1980களில் வேகமாக எண்ணெய் எடுக்கப்பட்ட பாம்பே ஹையிலும் அழுத்தம் குறைந்தது. வாயு மிகுதியாக வந்த கிணறுகள் சிலவற்றை மூடவும் நேர்ந்தது. இழந்த அழுத்தத்தை ஈடுசெய்யப் பாறைக்குள் கடல்நீரைச் செலுத்துகிறார்கள். இன்று எவ்வளவு எடுக்கலாம் என்பதைவிட, கடைசிவரை எவ்வளவு எடுக்க முடியும் என்பதே முக்கியமான கேள்வி.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஆழமான வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, இரு முனையும் திறந்த குழாயை அதில் செங்குத்தாகப் பிடியுங்கள். மேல்முனை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். மெல்லிய ரப்பர் குழாயை அதன் அடிமுனைக்குள் நுழைத்து, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது? குழாயின் விட்டத்தை மாற்றினால் என்ன ஆகிறது? குறித்து வையுங்கள்.