வாசல்லேயே ஒரு வில்லன்!

மதுரையில் ஆபீஸ் முடிந்து கிளம்பி, ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று வழியிலிருந்த வேகத்தடை அத்தனைக்கும் மரியாதை செலுத்திவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குக் கடையநல்லூர் வந்து சேர்ந்தேன். புதுசாக வாங்கிய கார். (எனக்குப் புதுசு. காருக்கு நான் மூன்றாவது ஓனர்!) வீட்டு வாசல் ரேம்ப்பில் ஏற்றினேன். பூனை திண்ணையில் ஏறுகிற மாதிரி, சத்தமே இல்லாமல் ஏறி நின்றது.

மறுநாள் காலை. ஜூலை மாதத்துச் சாரல் பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் நல்ல தண்ணி என்று தகவல் வர, துண்டு, எண்ணெய், புளியோதரைத் தூக்குடன் அம்மா, மனைவி, பையன், ஆஜானுபாகுவான மச்சினன் எல்லோரும் ஏறினார்கள். ரிவர்ஸ் போட்டு இறக்கினேன்.

கிர்ர்ர்ர்ர்!

எதிர்வீட்டு அண்ணாச்சி வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "என்ன தம்பி, வண்டி வயித்துல அடி வாங்குது?"

ராத்திரி ஏறின கார், அதே ரேம்ப், அதே டிரைவர். காலையில் மட்டும் ஏன் உரச வேண்டும்? அதற்குள் தெருவில் நாலு நிபுணர்கள் கூடிவிட்டார்கள். "ஒரே மூச்சா வேகமா இறக்குங்க" என்றார் ஒருவர். "நேத்தே ரிவர்ஸ்ல ஏத்திருந்தா இந்தத் தொல்லை இல்ல" என்றார் இன்னொருவர்.

இரண்டுமே தப்பு. வேகமாகப் போனால் ஸ்பிரிங் அமுங்கி, வண்டி இன்னும் கீழே இறங்கும். அடி பலமாக விழும். ரிவர்ஸில் ஏற்றினால் மூக்கை முன்னால் நீட்டி இறங்கித்தானே ஆக வேண்டும்? முன்னால் போனாலும் பின்னால் போனாலும் விளிம்பு அதே விளிம்பு, வயிறு அதே வயிறு!

குற்றாலத்தை ஒத்திப்போட்டுவிட்டு டேப்பை எடுத்தேன். (எடுத்ததற்கு மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத இடமில்லை.)

எங்கள் வாசல் தெருவைவிட ஒரு அடி உயரம். வாறுகால் மேல் போட்டிருந்த ரேம்ப்பின் நீளம் ஐந்து அடி. அதாவது 5-க்கு 1 சரிவு. என் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 245 செ.மீ. கார் பாதி இறங்கிய நிலையில், இரண்டு சக்கரத்துக்கும் நட்டநடுவில் ரேம்ப்பின் மேல் விளிம்பு சுமார் 12 செ.மீ. உயரத்துக்கு முட்டிக்கொண்டு நிற்கும். வெறும் காரின் தரை இடைவெளி 16 செ.மீ. ஆகவே ராத்திரி 4 செ.மீ. மிச்சத்தில் தப்பித்தேன். காலையில் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்ததும் அளந்தால், 16 என்பது 12 ஆகிவிட்டது. மிச்சம் பூஜ்யம். அதுதான் கிர்ர்ர்!

கம்பெனிக்காரர் சொல்லும் தரை இடைவெளியைப் பார்த்து மயங்குகிறவர்கள், அது ஆள் ஏறாத வண்டிக்கா, ஏறின வண்டிக்கா என்றும் கேட்க வேண்டும். நம்ம மச்சினன் எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பெரிய வண்டிகளுக்கான செஸ் விஷயத்தில் விளக்கம் தந்தபோது, 170 மில்லிமீட்டர் தரை இடைவெளியை ஆள் ஏறாத நிலையில்தான் அளக்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது.

சரி, ரேம்ப்பை உடைக்காமல் சமாளிக்க வழி?

ஒன்று, நேராக ஏறாமல் சாய்வாக ஏறுவது. 45 டிகிரியில் போனால் ஐந்தடி ரேம்ப் காருக்கு ஏழடி ரேம்ப் ஆகிவிடும். ஒவ்வொரு சக்கரமாக ஏறுவதால் பம்பரும் தப்பும். ஆனால் அந்த அளவு வளைக்கத் தெருவில் இடம் வேண்டும். எங்கள் தெருவில் எதிர்வீட்டு அண்ணாச்சியின் திண்ணையைக் கேட்டுத்தான் வளைக்க முடியும்.

இரண்டு, ஃபர்ஸ்ட் கியரில், நடை வேகத்தில் போவது. சரிவு முடிகிற இடத்தில் பிரேக்கை அழுத்தக் கூடாது. அழுத்தினால் மூக்கு குனியும், பம்பர் தரையைத் தொடும்.

மூன்று, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது.

நான்கு, எல்லோரையும் இறக்கிவிட்டு, வெறும் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோய் ஏற்றிக்கொள்வது.

ஒருவேளை பலமாக அடிபட்டுவிட்டால், கிளம்புகிற அவசரத்தில் அப்படியே போய்விடாதீர்கள். குனிந்து பாருங்கள். எண்ணெய் சொட்டுகிறதா? ஆயில் விளக்கு எரிகிறதா? என்ஜினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் என்ஜினே பிடித்துக்கொள்ளும்.

மறு ஞாயிறு நான் நான்காவது வழியைக் கையாண்டேன். கார் அலுங்காமல் இறங்கியது. பின்னாலேயே அம்மா நடந்து வந்தார். சாரலில் நனைந்த சிமென்ட் சரிவு. ஒரு கால் வழுக்கியது. மச்சினன் தாவிப் பிடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். காரின் வயிறு தப்பியது. அம்மாவின் முட்டி தப்பவில்லை. குற்றாலத்துக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

அன்றைக்கு ராத்திரி, முட்டியில் கட்டோடு அம்மா சொன்னார்: "உங்க அப்பா இந்த வீட்டக் கட்டும்போது வாசல்ல மூணு படி இருந்துச்சுல. தெருவுலேர்ந்து மூணு படி ஏறித்தான் திண்ணை."

அந்தப் படிகள் எங்கே? ரோட்டுக்கு அடியில்! ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள். மூன்று படி இரண்டாகி, ஒன்றாகி, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் அப்பா கடன் வாங்கி முன்பகுதியை உயர்த்தினார். தெரு உயர்ந்தால் வீடு உயரும். வீடு உயர்ந்தால் வாசலில் ரேம்ப் முளைக்கும். கார் வாங்கியவன்தான் அதில் உரசிக் கண்டுபிடிக்கிறான். இன்னும் நாலு தடவை இப்படியே ரோடு போட்டால் ரேம்ப் தேவைப்படாது. படகுதான் தேவைப்படும்!

இதற்கு மருந்து இல்லாமலில்லை. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தார் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குப் போகக் கூடாது என்று உத்தரவிட்டார். உங்கள் தெருவில் தார் லாரி வந்து நின்றால், "சுரண்டியாச்சா?" என்று கேட்க இது போதும். ரோடு போட்ட பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். பார்த்ததும், "தெருப் பக்கம் மூணடி நீட்டிருவோம் சார். எல்லாரும் அப்படித்தான் பண்ணிருக்காங்க" என்றார். செலவு குறைவு. ஒரே நாள் வேலை. எனக்கும் சபலம்தான்.

அம்மா உள்ளேயிருந்து கேட்டார்: "நம்ம வீட்டு ரேம்ப்ல நானே விழுந்தேன். ராத்திரி சைக்கிள்ல வாரவன் என்ன பாவம் பண்ணினான்?"

கொத்தனாரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேகத்தடைக்குக்கூட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் கணக்கு 10 செ.மீ. உயரத்துக்கு 3.7 மீட்டர் நீளம். நாங்கள் ஒரு அடி உயரத்தை ஐந்தடியில் ஏறிவிட்டு, மிச்சத்தைத் தெருவின் தலையில் கட்டப் பார்த்தோம்.

கடைசியில் கேட்டை உள்ளே தள்ளி, எங்கள் தரையையே மூன்றடி வெட்டினோம். 8-க்கு 1 சரிவு. மேல் விளிம்பைக் கூர்மையாக விடாமல் வளைத்து, கீழே தெருவோடு சேருமிடத்தையும் குழைத்துப் பூசினார். வழுக்காமலிருக்கக் குறுக்கே கோடு கிழித்தார். இப்போது விளிம்பு முட்டுவது ஏழரை செ.மீ.தான், மச்சினன் ஏறினாலும் நாலு செ.மீ.க்கு மேல் மிச்சம். சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 வேண்டும், அதற்கு இடமில்லை. அதனால் ரேம்ப்புக்குப் பக்கத்திலேயே அம்மாவுக்காக மூன்று சின்னப் படிகள், ஒரு கைப்பிடி. அப்பா கட்டிய அதே மூன்று படி!

ஆடியில் ஐந்து பேரும் காரிலேயே உட்கார்ந்தபடி வாசலை விட்டு இறங்கி, குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்தோம். சத்தமே இல்லை.

நேற்று எதிர்வீட்டு அண்ணாச்சி வந்தார். கார் புக் பண்ணியிருக்கிறாராம்.

"தம்பி, அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க!"