சொடுக்கின் விலை: பரிந்துரைத் தரகின் பொருளியல் மாற்றம்

திறவுச்சொற்கள்: பரிந்துரைத் தரகு, சொடுக்கு, ஏலம், தேடல் விளம்பரம், அமேசான், கூகுள்

முன்னுரை

ஒருவர் தம் இணையதளத்தில் பிறருடைய பொருளுக்கு இணைப்புக் கொடுத்து, அதன்வழி விற்பனை நிகழ்ந்தால் விற்பவரிடம் ஒரு பங்கு பெறுவது 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' எனப்படுகிறது. இதனைப் பரிந்துரைத் தரகு எனலாம். அமேசான் நிறுவனம் 1996இல் தொடங்கிய 'அசோசியேட்ஸ்' திட்டம் இம்முறையைப் பரவலாக்கியது. தொடக்கத்தில் தரகரின் முதலீடு எழுத்தும் உழைப்புமே. அவர் நூலுக்கு மதிப்புரை எழுதினார். படித்தவருள் சிலர் வாங்கினர். வருகையாளரையே விலைகொடுத்து வாங்கலாம் என்ற நிலை தோன்றியபின் இத்தொழிலின் கணக்கே மாறியது. அக்கணக்கில் மிச்சம் யாரிடம் சேர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொடுக்கு ஏலம்

பில் கிராஸ் நிறுவிய கோடூ.காம் 1998இல் தேடுசொற்களை ஏலத்தில் விற்கத் தொடங்கியது. மிகுதியாகக் கேட்பவரின் விளம்பரம் முதலில் நிற்கும். சொடுக்கினால் மட்டுமே கட்டணம். கூகுள் 2002இல் தன் ஆட்வேர்ட்ஸ் திட்டத்தில் இம்முறையைத் திருத்தி ஏற்றது. கேட்புவிலையோடு, விளம்பரம் சொடுக்கப்படும் வீதமும் கணக்கில் கொள்ளப்பட்டது. வென்றவர் தமக்கு அடுத்தவரை விஞ்சத் தேவையான அளவு செலுத்தினால் போதும். பிறர் கேட்ட விலை போட்டியாளருக்குத் தெரியாது. துண்டுக்குள் விரல் பற்றிப் பேசும் மாட்டுச்சந்தைப் பேரம் இங்கு நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே துண்டைப் பிடித்திருப்பவரே மாட்டுக்கும் உரிமையாளர்.

ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். 1000 ரூபாய்ப் பொருளுக்குத் தரகு 8 விழுக்காடு. நூறு சொடுக்குகளுக்கு இருவர் வாங்குகின்றனர். வரவு 160 ரூபாய். அதாவது ஒரு சொடுக்குக்கு 1.60 ரூபாய். சொடுக்கு 50 காசுக்குக் கிடைத்தால் 1.10 ரூபாய் மிச்சம். இம்மிச்சத்தைக் கண்டு வரும் இரண்டாமவர் 80 காசு கேட்கிறார், மூன்றாமவர் 1.20 கேட்கிறார். பொருளும் ஒன்றே, தரகு வீதமும் ஒன்றே. ஆகவே விலை 1.60ஐ நெருங்கும்வரை போட்டி ஓய்வதில்லை. தரகரின் மிச்சம் சிறிது சிறிதாக ஏலம் நடத்துபவரிடம் சென்று சேர்கிறது. வருகையாளரை வாங்குபவராக மாற்றும் திறன் மிக்க தரகர் மட்டும் சிறிது காலம் தாக்குப்பிடிக்கிறார்.

விதிகளும் வீதங்களும்

போட்டி மட்டுமன்றி விதிமாற்றங்களும் தரகரை நெருக்கின. ஒரு தேடலுக்கு ஒரே முகவரிக்குச் செல்லும் விளம்பரம் ஒன்றுதான் காட்டப்படும் என 2005இல் கூகுள் அறிவித்தது. இதனால் விற்பவரின் தளத்திற்கே நேரடியாக ஆள் அனுப்பிய தரகர் பலருள் ஒருவரே நிற்க முடிந்தது. தேடல் விளம்பரத்தை விலைக்கு வாங்கி நேரே அனுப்பும் வருகைக்கு வட அமெரிக்காவில் தரகு இல்லை என 2009இல் அமேசான் விலக்கியது. இதன் காரணம் ஊகிக்கத்தக்கதே: தரகர் அதே சொற்களுக்கு ஏலம் கேட்கும்போது விற்பவரின் சொந்த விளம்பரச் செலவும் உயர்கிறது.

2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைகலன்களுக்கான தரகை 8 விழுக்காட்டிலிருந்து 3 ஆகக் குறைத்தது. மேற்கண்ட கணக்கில் இதனைப் பொருத்தினால் ஒரு சொடுக்கின் வரவு 1.60 ரூபாயிலிருந்து 60 காசாகிறது. ஒரு சொடுக்கையும் விலைக்கு வாங்காமல், எழுத்தை மட்டுமே நம்பியிருந்தவருக்கும் இதே வெட்டுத்தான். வீதத்தை வகுக்கும் இடத்தில் அவருக்குக் குரல் இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

வாங்கிய வருகை புதியதா?

விற்பவரின் பக்கத்திலும் ஓர் ஐயம் உண்டு. ஈபே நிறுவனம் தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிய விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. அதனால் இழந்த சொடுக்குகளில் 99.5 விழுக்காடு இயல்பான தேடல் முடிவுகளின் வழியாகவே திரும்பி வந்ததை பிளேக், நோஸ்கோ, டடேலிஸ் ஆகியோர் 'எகனாமெட்ரிக்கா' இதழில் 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எப்படியும் வந்திருக்கக்கூடியவருக்கே பணம் செலவிடப்பட்டிருந்தது. தள்ளுபடிக் குறியீட்டுத் தளங்களிலும் இதே சிக்கல் உள்ளது. பொருளைக் கூடையில் இட்டபின் குறியீடு தேடிச் செல்பவரை, கடைசிச் சொடுக்குக்கே தரகு என்னும் விதி அத்தளத்தின் கணக்கில் சேர்க்கிறது. பொருளை முதலில் அறிமுகப்படுத்திய மதிப்புரையாளருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.