லேசர் ஒளியைக் காக்கும் உலோகத் துண்டு

இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் விந்தைகளுள் லேசர் ஒளிக்கற்றையும் ஒன்று. 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்னும் அறிஞர் செயற்கைக் கெம்பு உருளை ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். 1962இல் ராபர்ட் ஹால் முதலானோர் குறைகடத்திப் படிகத்திலிருந்து அதனைப் பெற்றனர். அவ்வழியில் வந்த லேசர் டயோடு, இன்று பொழுதுபோக்காகக் கருவிகள் செய்வோர் கைக்கும் எட்டியிருக்கிறது. மரப்பலகையில் எழுத்துப் பொறிக்கும் சிறு எந்திரங்களில் நீல ஒளி தருவது அதுவே. அந்த ஒளியை எல்லாரும் வியக்கிறோம். அதன் பின்னால் இருக்கும் உலோகத் துண்டை நினைப்பவர் சிலரே. டயோடின் ஆயுளோ அத்துண்டில் இடும் துளையைப் பொறுத்திருக்கிறது!

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

ஒரு நீல டயோடுக்கு 4.5 வோல்ட் அழுத்தத்தில் 1 ஆம்பியர் மின்னோட்டம் செல்வதாகக் கொள்வோம். அது வாங்கும் திறன் 4.5 வாட். ஒளியாக வெளிவருவது 1 வாட் அளவு என்றால், மீதி 3.5 வாட்டும் வெப்பமே. இது சிறிதுதானே எனத் தோன்றலாம். ஆனால் இவ்வெப்பம் பிறக்கும் படிகம் கடுகினும் சிறியது. படிகம் சூடேறினால் ஒளி மங்கும். அதே ஒளியைப் பெற மின்னோட்டத்தைக் கூட்டினால் சூடு இன்னும் ஏறும். முடிவில் டயோடு கெட்டுப்போகும். ஆகவே வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்ற ஓர் உலோகத் துண்டு தேவை. இதனை 'ஹீட் சிங்க்' என்பர். செம்பு அலுமினியத்தைவிட நன்கு வெப்பம் கடத்தும். எனினும் அலுமினியம் எடை குறைந்தது, விலை மலிந்தது, கடைவதற்கும் எளியது.

துளையிடும் முறை

பெரும்பாலும் டயோடு 12 மி.மீ. குறுக்களவுள்ள பித்தளை அல்லது செம்பு உருளையில் பொருத்தப்பட்டிருக்கும். அவ்வுருளை புகுவதற்கு அலுமினியத் துண்டில் ஒரு துளை வேண்டும். துளை சற்றே பெரிதானால் இடையில் காற்று புகுந்துவிடும். காற்றோ அலுமினியத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாக வெப்பம் கடத்துவது. மயிரிழை அளவு இடைவெளியும் வெப்பத்திற்குச் சுவராகிவிடும்.

எனவே முதலில் மையத்தைக் குறித்து, சென்டர் பஞ்சால் சிறு குழி இட வேண்டும். துண்டை வைஸில் இறுகப் பிடித்து, 3 மி.மீ. துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். அலுமினியச் சீவல் டிரில்லில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, அடிக்கடி டிரில்லை வெளியே எடுத்துச் சீவலை அகற்ற வேண்டும். டிரில் இடும் துளை செம்மையான வட்டமாக அமைவதில்லை. ஆகவே 11.8 மி.மீ. வரை துளைத்து நிறுத்தி, 12 மி.மீ. ரீமரால் சீர்செய்வர். பின்பு பிசிறு நீக்கி, வெப்பக் களிம்பை மெல்லியதாகத் தடவி உருளையைச் செருகி, பக்கவாட்டில் ஒரு சிறு திருகால் இறுக்கலாம்.

குறைத்தால் கூடும் கணக்கு

துண்டுக்கு வந்த வெப்பம் காற்றில் கலக்கப் பரப்பளவு வேண்டும். 4 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 96 சதுர செ.மீ. மேற்புறத்தில் 4 மி.மீ. அகலமும் 2 செ.மீ. ஆழமும் உள்ள நான்கு பள்ளங்களை வெட்டினால், உலோகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், பரப்போ 153.6 சதுர செ.மீ. ஆக உயரும்! எஞ்சும் தகடுகளை மீனின் துடுப்புகளுக்கு ஒப்பிடலாம். பள்ளங்களுக்குக் கீழே உள்ள பாதியில்தான் டயோடுக்கான துளை அமைய வேண்டும்.

கவனம் தேவை

தோழியரே, சுழலும் டிரில்லுக்கு அருகே பின்னலும் தாவணியும் தொங்கவே கூடாது. கூந்தலை முடிந்து கட்டுக. கையுறை அணிந்தால் அதுவும் சிக்கிக் கையை இழுத்துவிடும். துண்டை வெறுங்கையால் பிடிக்காதீர். சீவல் தெறிக்காமல் கண்ணாடி அணிக. லேசரை இயக்கும்போது அதன் நிறத்திற்கென அமைந்த வேறு பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போதாது. 1 வாட் லேசர் கண்ணிமைக்கும் முன்பே பார்வையைப் பறிக்கவல்லது. பளபளப்பான பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியும் அத்தகையதே. ஆசிரியர் துணையின்றி இதனைத் தொடாதீர்.

ஒளி தருவது டயோடு. அதன் சூட்டைத் தான் வாங்கிக்கொண்டு அதனை வாழவைப்பது அலுமினியத் துண்டு. அளவறிந்து பொறுமையாக இட்ட ஒரு துளையே அவ்விரண்டையும் இணைக்கிறது. பட்டறை வேலை பெண்களுக்கு ஏற்றதன்று என்பார் இன்றும் உளர். கோலத்தில் புள்ளி பிசகாமல் வைக்கும் கைக்கு மையம் குறிப்பது கடினமா என்ன?