வெட்ட வெட்ட வாழும் வேலி

பவானி என்றதும் வெளியூர் நண்பர்களுக்குக் கூடுதுறையும் ஜமக்காளமும் நினைவுக்கு வரும். நம் ஊருக்கு வந்து திரும்பிய விருந்தினர் எவரும் வேலியைப் பார்த்து வந்ததாகச் சொல்லக் கேட்டதில்லை. வேலியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் நெடுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்கு விலையும் கொடுத்தோம்.

வாய்க்கால் பாயாத மேட்டு நிலங்களுக்குக் கொங்கு நாட்டார் கண்ட காவல் கிளுவை. வெள்ளைப்போளம் தரும் மரத்தின் இனத்தைச் சேர்ந்த முட்செடி இது. விதையும் வேண்டாம், நாற்றும் வேண்டாம். கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் வேர் பிடித்துவிடும். கோடையில் இலையுதிர்ந்து செத்ததுபோல் நிற்கும். மழை விழுந்ததும் பசேலெனத் தழைக்கும். அதன்மேல் பிரண்டையும் கோவையும் முடக்கத்தானும் படரும். கௌதாரி அதன் அடியில் பதுங்கும்.

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் இந்த வேலி ஒரு பெரிய ஏற்பாட்டுக்கே ஆதாரம். அங்குள்ள மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். தரையில் கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. நிலத்தைச் சில ஏக்கர்த் துண்டுகளாக அடைத்து, ஒரு துண்டில் புல் தீர்ந்ததும் கடவைத் திறந்து மாடுகளை அடுத்த துண்டுக்கு விடுவார்கள். கூடவே நின்று மேய்க்க ஆள் வேண்டியதில்லை. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இத்தகைய வறண்ட நிலத்து மேய்ச்சலில் வளர்ந்த இனங்கள். அந்த ஆட்டுக்கு நம் பவானிப் பக்கத்து மயிலம்பாடியின் பெயரும் வழங்குகிறது.

வேலியே பயிரை மேய்வதைப் பற்றிப் பழமொழி உண்டு. நமது கதையோ வேலியை நாமே மேய்ந்த கதை. மூன்று வருஷங்களுக்கு முன், கூலி கட்டவில்லை, ஆளும் கிடைக்கவில்லை என்று சொல்லி, நம் பங்குக் காட்டின் கிளுவை வேலியைப் பிடுங்கச் சம்மதித்தோம். பாட்டனார் காலத்து வேலி ஒரே முற்பகலில் மண்வாரி இயந்திரத்தின் முன் சாய்ந்தது. கல்தூண் நட்டுக் கம்பி கட்டினோம். செய்தி அறியாத வேலிக்காரப் பெரியவர், வருஷ வழக்கப்படி கொடுவாளுடன் வந்து நின்றார். கம்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"கம்பி துளுக்காதுங்களே, வாத்தியாரய்யா" என்று மட்டும் சொல்லித் திரும்பிப் போனார்.

கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. பிரண்டைத் துவையலுக்குச் சந்தையில் காசு கொடுக்கிறோம். அந்தச் சொல்லும் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே இவ்வருஷம் சித்திரையில், அயலார் தோட்டத்தில் அவர் வேலி வெட்டும்போது அருகில் போய் உட்கார்ந்தோம்.

அவருடைய ஆயுதங்கள் மூன்றே. மூக்கு வளைந்த கனத்த கொடுவாள். எட்டாத கிளையை இழுக்க நீண்ட மூங்கிலில் கொக்கி பூட்டிய தொரட்டி. கையில் முள் தைக்காமல் கிளையைத் தள்ள ஒரு கவைக்கோல். வெட்டு எப்போதும் சாய்வாகவே விழுகிறது. வெட்டுவாயில் மழைநீர் தங்கலாகாது. மேலே ஓடிய கிளைகளைக் குறைக்கிறார். பக்கத்துக் கிளைகளை வளைத்து இடைவெளியில் நுழைக்கிறார். ஆட்டுக்குட்டி நுழையும் சந்து கண்டால் அங்கே புதுப் போத்து ஒன்றை ஊன்றுகிறார். இப்படி வெட்டுவது செடிக்குக் கொடுமையல்லவா என்று கேட்டோம்.

"வெட்டுனாத்தானுங்க வேலி. சும்மா உட்டா மேல மரமாப் போயிருமுங்க, அடியில நாய் நுழைஞ்சிருமுங்க" என்றார்.

இங்கிலாந்தின் குடியானவர்களிடமும் இதற்கு ஒப்பான வித்தை உண்டு. வேலிச் செடியின் தண்டைப் பெரும்பகுதி வெட்டி, எஞ்சிய மெல்லிய பட்டையோடு சாய்த்துப் படுக்க வைப்பார்கள். படுத்த தண்டும் பிழைக்கும்; அடியிலிருந்து புதுத் துளிர்களும் எழும். 1945-க்குப் பிறகு பெரிய இயந்திரங்களுக்கு இடம் வேண்டி, அங்கே பல்லாயிரம் மைல் வேலிகள் பிடுங்கப்பட்டன. அரசாங்கமே அதற்கு மானியம் கொடுத்தது. பின்னர் 1997-ல், முக்கியமான வேலிகளை அனுமதியின்றி அகற்றலாகாது என்று அதே நாட்டில் விதி செய்ய நேர்ந்தது. அவ்வளவு தூரம் போய்த்தான் நாமும் புத்தி கற்க வேண்டுமா?

கம்பியை எடுத்தெறிய வேண்டியதில்லை. அதன் உட்புறமாகக் கிளுவைப் போத்தை வரிசையாக ஊன்றலாம். செடி தேறும் வரையில் கம்பி காவல் நிற்கட்டும். நாம் அப்படியே செய்தோம். ஊன்றியதில் பாதிக்கு மேல் துளிர்த்திருக்கிறது.

பெரியவரின் பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கூலி அங்கேதான் கிடைக்கிறது. அவருக்குப் பின் கொடுவாளை எடுக்க அவர் வீட்டில் ஆள் இல்லை. நம் வகுப்புப் பையன்கள் இருவர் விடுமுறை நாட்களில் கவைக்கோல் பிடிக்க வருகிறார்கள். கொடுவாளை இன்னும் அவர்கள் கையில் அவர் கொடுக்கவில்லை.